வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம்

போன மாதம் பழைய ஆய்வகத்துத் தம்பி ஒருவன் எனக்குச் செல் வளர்க்கும் திரவப் பாட்டில் ஒன்றின் படத்தை அனுப்பினான். "சீரமே இல்லாத மீடியம் வந்துடுச்சுண்ணே. இனிமே நீங்க சொல்ற கதையெல்லாம் பழங்கதை" என்று கீழே எழுதியிருந்தான். அடுத்த வாரம் அதில் மனித ரத்தச் செல்களை வளர்த்து, ஸ்டீராய்டு மருந்துக்கு அவை எப்படி அடங்குகின்றன என்று பார்க்கப் போகிறார்களாம்.

பாட்டிலின் பின்பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பு என்றேன். அனுப்பினான். பெரிதாக்கிப் படித்தால், சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் நடுவே ஹைட்ரோகார்ட்டிசோன் என்று போட்டிருக்கிறது. அதுவே ஒரு ஸ்டீராய்டு. உப்புப் போட்ட சாதத்தில் இன்னொரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு, உப்பு போட்டும் ருசி மாறவில்லை என்று எழுதப் போகிறார்கள்.

போன் போட்டேன். "லேபிளைப் படிச்சியா?"

"எங்கண்ணே, பொடி எழுத்து."

"பொடி எழுத்துன்னா படிக்க மாட்டியா?"

"நீங்க ரிட்டயர்டு ஆளு, உங்களுக்கு நேரம் இருக்கு. எழுதி அனுப்புங்கண்ணே, எல்லாரும் படிக்கிறோம்."

எனக்கு முப்பத்து நாலு வயது. ஒன்பது வருடம் செல் வளர்த்துவிட்டு, இப்போது செயங்கொண்டத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் சர்க்கரையும் உப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் அவர்கள் எனக்கு வைத்த பெயர் ரிட்டயர்டு அண்ணன். சரி, எழுதுகிறேன். நான் எழுதப்போவது சீரத்தைப் பற்றி மட்டும் இல்லை. நாங்கள் செய்த ஒரு சோதனையை நம்பி ஒரு மனிதரிடம் வாயை விட்டேன். அவர் மூச்சுக்கான மருந்தை நிறுத்திவிட்டார். அதைப் பற்றியும்தான்.

என் ஊர் வரதராஜன்பேட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்கியவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். திருச்சியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, பெரம்பலூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு மாதம் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். ஆறு மாதம் பிப்பெட் பிடித்தேன். மூன்று தடவை பூஞ்சை விழுந்து அத்தனை செல்லையும் சாகடித்தேன். அதற்குப் பிறகு கை பழகி நின்றது.

எங்கள் இயக்குநரை நாங்கள் சார் என்று மட்டுமே சொல்வோம். கத்த மாட்டார். ஒன்பது பத்துக்கு வருவார், ஆள்காட்டி விரலால் மேசையின் விளிம்பை ஒரு முழம் தடவுவார், விரலைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் போவார். அன்று முழுக்க நாங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்போம். கட்டளை எதுவானாலும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, இன்குபேட்டரின் கதவில் ஒட்டிவிடுவார். மைக்ரோஸ்கோப்பில் அவர் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை. "எனக்கு கிராஃப் காட்டு" என்பார். தட்டில் செல்கள் சுருங்கியிருக்கின்றன, மீடியத்தின் நிறம் மாறியிருக்கிறது என்று போய்ச் சொன்னால், தலையைத் தூக்காமல் ஒரே கேள்வி கேட்பார்: "யாரு கேட்டா?"

ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவே இல்லை.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு மருந்தில் தினமும் கொடுப்பது ஒரு ஸ்டீராய்டு. மூச்சுக் குழாயில் நோயெதிர்ப்புச் செல்கள் கிளப்பும் அழற்சியை அது அடக்கும். சிலருக்கு அவ்வளவாக அடக்காது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தூசியில் வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்களின் செல்கள் ஸ்டீராய்டுக்கு, கல்லூரியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களின் செல்களைப் போலவே அடங்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. கேள்வி நல்ல கேள்வி. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ரத்தத்திலிருந்து வெள்ளைச் செல்களைப் பிரித்து, சிறு சிறு குழிகள் உள்ள தட்டில் விடுவோம். பாதிக் குழிகளுக்கு டெக்ஸா என்று எல்லோருக்கும் தெரிந்த ஸ்டீராய்டைக் கொடுப்போம். பிறகு எல்லாக் குழிகளுக்கும் பாக்டீரியாவின் மேலோட்டிலிருந்து எடுத்த பொருளைக் கொடுப்போம். பாக்டீரியாவே வந்துவிட்டதாக நினைத்துச் செல்கள் கோபப்பட்டு, அழற்சிப் புரதங்களைக் கக்கும். மறுநாள் மேலே நிற்கும் திரவத்தை எடுத்து அளந்தால், மஞ்சள் நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கோபம். டெக்ஸா கொடுத்த குழியில் நிறம் வெளுத்திருந்தால் மருந்துக்குச் செல் அடங்கியிருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. செல்கள் வெறும் உப்புத் தண்ணீரில் வாழாது. எங்கள் கூடத்தில் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைக் கலந்துதான் வளர்ப்போம். கன்றுக்குட்டியின் உடம்பும் ஸ்டீராய்டு சுரக்கும், அது சீரத்திலும் இருக்கும். ஆகவே ஸ்டீராய்டைப் பற்றிச் சோதிக்க வேண்டுமானால், முதலில் சீரத்தில் கரித்தூளைப் போட்டுக் குளிரில் கலக்கி, சுழற்றி, கரியை இறக்கி, வடிகட்டி, அந்த ஸ்டீராய்டை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் வேலை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நகக்கண் வரை கருப்பாகும். அதைச் செய்தவன் நான்.

கல்லூரிக்காரர்களின் ரத்தத்தைக் காலை ஒன்பதுக்கு எடுத்து, அன்றே எல்லாம் முடித்துவிடுவோம். அரியலூர் ரத்தம் அப்படி வராது. லாரி ஓட்டுகிறவர்களும் குவாரி ஆட்களும் ஷிப்ட் முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் மருத்துவமனைக்கு வருவார்கள். நான் ஊசி குத்தி வாங்கி, பெட்டியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறி, வந்து செல்லைப் பிரிப்பதற்குள் கூடத்தைப் பூட்டும் நேரம் ஆகிவிடும். அதனால் செல்களை ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் காத்திருக்க வைத்துவிட்டு, சோதனையைக் காலையில் தொடங்குவோம்.

"காத்திருக்கிற நேரத்துக்குக் கரி போட்ட சீரம் எதுக்கு சார்? சாதா சீரத்துல வச்சிட்டு, காலைல கழுவிட்டு மாத்திக்கலாமே. கரி போட்டது மிச்சமாகும்" என்று தொடக்கத்திலேயே ஒரு நாள் சாரிடம் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகத்தான் சொன்னேன்.

சார் தலையைத் தூக்கினார். "பரவால்லையே. இதுக்குப் பேருதான் மூளை" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். மத்தியானமே காலண்டர் தாள் இன்குபேட்டர் கதவில் ஏறிவிட்டது. அரியலூர் மாதிரிகளுக்கு ராத்திரி சாதா சீரம். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முடிவுகள் அழகாக வந்தன. கல்லூரிச் செல்கள் டெக்ஸாவுக்கு அடங்கின. அரியலூர்ச் செல்கள் அடங்கவில்லை, ஒரு ஆள் விடாமல். கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர் லெப்பைக்குடிகாட்டு ரஹ்மத். இதுதான் அவருடைய முனைவர் பட்டத்துக்கான வேலை. அந்தப் பெண்தான் ஒரு தரம் கேட்டது: "அண்ணா, மருந்து குடுக்காத குழியிலயே அரியலூர் செல்லுங்க கம்மியா கக்குதே, பாத்தீங்களா? கோவமே கொறைச்சலாத்தான ஆரம்பிக்குது?"

"தூசி தின்னு தின்னு களைச்சிப் போயிருக்கும்" என்றேன்.

களைச்சிப் போயிருக்குமாம். எம்.எஸ்ஸி. படித்த வாய்.

பன்னீர் அண்ணன் எங்களுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர். டிப்பர் லாரி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இழுப்பு நோய்க்கு மருத்துவமனையில் கொடுத்த மருந்துக் குப்பியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மற்றவர்கள் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் போக மாட்டார். ரெண்டாம் தடவை ரத்தம் எடுக்கப் போயிருந்தபோது எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "போன தரம் எடுத்தீங்களே தம்பி, அதுல என்னா தெரிஞ்சுது?"

சோதனை முடிவை, ரத்தம் கொடுத்தவரிடம் சொல்லக் கூடாது. ஒப்புதல் படிவத்திலேயே அச்சடித்திருந்தது. அதை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டியவனும் நானே. ஆனால் சொன்னேன். காரணம் வேறொன்றுமில்லை. எங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், "என்னன்னு சொல்லுங்க ஐயா" என்று அவர் கேட்டு ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. படித்தவன் நான் ஒருத்தனாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வீறாப்பு.

"உங்க செல்லு ஸ்டீராய்டுக்கு அடங்க மாட்டேங்குதுண்ணே."

"ஸ்டீராய்டுன்னா?"

"நீங்க இழுக்குறீங்களே, அதுல இருக்கிறதும் அந்த ஜாதி மருந்துதான்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப இது என் ஒடம்புக்குப் பிடிக்கலங்கிறீங்க."

"ஆராய்ச்சிதாண்ணே நடக்குது. இன்னும் முடியல" என்று அதற்குப் பிறகு சொன்னேன். பிறகு சொன்னதை யார் கேட்பார்?

அடுத்த மாதம் கல்லூரி மாதிரி ஒன்று குறைந்தது. வருகிறேன் என்ற மாணவன் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டான். சார் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "என்னுதை எடுத்துக்கோ. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார். வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும்; அந்த இரண்டு நாளும் சார் காலையில் போய்விட்டுப் பத்து மணிக்குக் குங்குமத்தோடு வந்து எல்லோருக்கும் திருநீறு கொடுப்பார். அன்றைக்கு என்னவோ கூட்டம். சாலையை அடைத்துக்கொண்டு வேன்கள் நின்றனவாம். சார் வந்து கையை நீட்டும்போது மணி மூன்றரை.

செல்லைப் பிரித்து முடித்தேன். நேரமாகிவிட்டது. தாமதமாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் கதவில் தாள் இருக்கிறதே. சாரின் செல்களையும் சாதா சீரத்தில் காத்திருக்க வைத்தேன்.

திங்கட்கிழமை ரஹ்மத் தட்டைக் கருவியில் வைத்துப் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பியது. சாரின் செல்கள் டெக்ஸாவுக்கு அடங்கவில்லை.

"சார் எந்த குவாரில டிப்பர் ஓட்டுறாரு அண்ணா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்குபேட்டர் கதவிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தேன். சாருக்கும் அரியலூர் ஆட்களுக்கும் பொதுவாக இருந்தது தூசி கிடையாது. அந்த ஒரு ராத்திரிதான்.

கிராஃபை எடுத்துக்கொண்டு போனேன். தனியாக நின்ற அந்தப் புள்ளியைச் சார் பார்த்தார். "இது அவுட்லையர். தூக்கிடு."

"சார், இது உங்க ரத்தம்."

"அதான் சொல்றேன், தூக்கிடுன்னு."

"ராத்திரி சாதா சீரத்துல வச்சதால இருக்குமோன்னு தோணுது சார். பாத்துடட்டுமா?"

"யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பார்த்தோம். என் ரத்தத்தை ரஹ்மத் எடுத்தது, ரஹ்மத்தின் ரத்தத்தை நான் எடுத்தேன். அலுவலகத்தில் இருவர் கையை நீட்டினார்கள். ஒவ்வொருவரின் செல்லையும் மூன்று பங்காகப் பிரித்தோம். ஒரு பங்கில் சோதனையை அன்றே தொடங்கினோம். இன்னொன்றை ராத்திரி சாதா சீரத்தில் வைத்தோம். மூன்றாவதையும் ராத்திரி வைத்தோம், ஆனால் கரி போட்ட சீரத்தில். முதல் பங்கும் மூன்றாம் பங்கும் ஒன்றுபோலவே டெக்ஸாவுக்கு அடங்கின. நடுப்பங்கு நான்கு பேருக்கும் அரியலூர் மாதிரி. மருந்து கொடுக்காத குழியில் கோபமும் குறைச்சல், மருந்து கொடுத்தபின் இறக்கமும் குறைச்சல்.

ஆகக் காத்திருந்ததில் தப்பில்லை. காத்திருந்த இடத்தில்தான் தப்பு. ராத்திரி முழுக்கக் கன்றுக்குட்டியின் ஸ்டீராய்டில் ஊறிய செல்கள் ஏற்கெனவே பாதி அடங்கிப்போயிருந்தன. மருந்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கலாம். காலையில் கழுவினால் சீரம்தான் போகும். அது செய்துவிட்டுப் போனது போகாது. ரஹ்மத்தின் கேள்விக்கு விடையும் இதிலேயே இருந்தது.

சாரிடம் போனோம். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டார்.

"ராத்திரி சாதா சீரம்ங்கிற யோசனை யாருது?"

"என்னுது சார்."

"அப்ப நீ பண்ண தப்புக்கு என் பேப்பரை நிறுத்தணுமா? ஆராய்ச்சியோட வரம்புகள்னு கடைசில ஒரு வரி போட்டுக்கலாம். போய் வேலையப் பாரு."

"சார், ஒரு வரில அடங்காது. மொத்த முடிவே..." என்று ரஹ்மத் ஆரம்பித்தது.

"உனக்குப் பட்டம் வேணுமா வேணாமாம்மா?"

வெளியே வந்ததும் அந்தப் பெண் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சொன்னது: "அத்தா துபாய்லேருந்து வாரா வாரம் கேக்குறாரு, எப்ப முடியும் எப்ப முடியும்னு. இன்னும் ரெண்டு வருசம்னு சொன்னா போன்லயே அழுதுடுவாரு. பரவால்ல. பொய்யக் கட்டிட்டு என்னால அலைய முடியாது அண்ணா."

எனக்குப் பன்னீர் அண்ணன் தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டதுதான் நினைவில் நின்றது. போன் போட்டேன். அவர் மனைவி வளர்மதி அக்கா எடுத்தார்.

"அவரு படுத்திருக்காரு தம்பி. நாலு நாளா வண்டிக்குப் போவல. கேபின்ல ஏறவே மூச்சு வாங்குது."

"மருந்து இழுக்குறாராக்கா?"

"அதான் வேணான்னு நீங்க சொல்லிட்டீங்களே."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அரியலூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். பன்னீர் அண்ணன் கட்டிலில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டிருந்தார். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"வாங்க தம்பி. இன்னொரு தரம் ரத்தம் வேணுமா?"

"இல்லண்ணே. நான் தப்பா சொல்லிட்டேன். உங்க ரத்தத்துல கோளாறு இல்ல. நாங்க செல்ல வச்ச எடத்துல கோளாறு."

முடிந்தவரை விளக்கினேன். சீரம், கன்றுக்குட்டி, கரி, ராத்திரி. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என் ரத்தத்தக் கன்னுக்குட்டி ரத்தத்துல ஊற வச்சீங்க."

"ஆமாண்ணே."

"அதக் கேக்காம வச்சீங்க."

"ஆமாண்ணே."

"அதப் பாத்துட்டு, எனக்கு மருந்து கேக்கலன்னீங்க. இப்ப கேக்கும்ங்கிறீங்க. நாளைக்கி எருமைக்குட்டில வச்சிட்டு வந்து வேற சொல்லுவீங்க."

"அப்படி இல்லண்ணே..."

"எனக்கு அன்னைக்கும் புரியல, இன்னைக்கும் புரியல தம்பி. அன்னைக்கு நம்புனேன். அவ்ளோதான் வித்தியாசம்."

வளர்மதி அக்கா தண்ணீர்ச் சொம்பைத் தரையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. "டாக்டரம்மா பத்து தரம் சொல்லியும் இந்த மனுசன் காதுல ஏறல. நீங்க ஒரு தரம் சொன்னீங்க, குப்பிய எடுத்துப் பரண்ல போட்டுட்டாரு. ஏன்யான்னு கேட்டா, அந்தத் தம்பி நம்மள மாதிரி வூட்டுப் புள்ள, நம்மகிட்ட பொய் சொல்லாதுங்கிறாரு."

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. நம்பித்தான் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட போலாம்ணே. அவங்க சொல்லட்டும்" என்றேன். வரமாட்டேன் என்றார். ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். ஆட்டோக்காரர் அவருக்குத் தெரிந்தவர். "என்னா மாமா, வண்டி ஓட்டுறவன ஏத்திட்டுப் போவ வண்டியா?" என்று கிண்டலடித்ததில் எழுந்து வந்தார்.

அந்த டாக்டரம்மா குட்டையாக, வேகமாகப் பேசுகிறவர். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். உடனே மருந்தை ஆவியாக மூச்சில் ஏற்றும் நெபுலைசர் முகமூடியை மாட்டிவிட்டார். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் ஊதிப் பார்க்கும் குழாயைக் கையில் கொடுத்து மூன்று தரம் ஊதச் சொன்னார். முள் ஏறிய இடத்தைப் பழைய நோட்டில் இருந்ததோடு ஒப்பிட்டார்.

"எந்த டாக்டர் நிறுத்தச் சொன்னது?"

பன்னீர் அண்ணன் வாயில் திரும்ப முகமூடி ஏறியிருந்தது. கையால் என்னைக் காட்டினார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க மேடம். லேப்ல..."

முழுவதையும் சொன்னேன். சீரத்தில் நடந்த தப்பையும், இப்போது சரியான முடிவு வந்திருப்பதையும் சொன்னேன். சரியான முடிவைச் சொன்னால் கோபம் தணியும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் ஏறியது.

"சீரம் சரியா இருந்திருந்தா மட்டும் சொல்லலாமா? தட்டுல இருக்கிற செல்லு இவரோட நுரையீரலா? அதுல ரத்தம் ஓடுதா, சளி இருக்கா, தூசி போகுதா? இவருக்கு மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு இந்தக் குழாய் சொல்லும். இவரு மாடிப்படி ஏறுறது சொல்லும். நீங்க யாரு சொல்ல? இழுக்கும்போது இந்த நோட்டுல எங்க இருந்துச்சு, இழுக்காதப்ப எங்க இருக்கு, நீங்களே பாருங்க."

பார்த்தேன். பழைய நோட்டில் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டே வந்த கோடு, நான் வாயைத் திறந்த மாதத்துக்குப் பிறகு சரிந்திருந்தது. அவருக்கு அந்த மருந்து வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல கிராஃபை நான் போட்டதே இல்லை. இரண்டு வருடமாக அது இந்த மேசையிலேயே இருந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முகமூடியை எடுத்ததும் பன்னீர் அண்ணன் பேசினார். "சரிங்கம்மா, இழுக்குறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு தம்பி. இது மறுபடி மாறுச்சுன்னா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும். உங்க சாருக்கு இல்ல."

திரும்பி வந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். என் யோசனை எது, எந்த நாளிலிருந்து எந்த மாதிரிகளை அது கெடுத்தது, யாரிடம் என்ன சொல்லிவிட்டேன் என்று வரிசையாக. ஒன்று சாருக்கு, ஒன்று கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு. குழு மூன்று மாதம் கழித்துக் கூடியது. கேள்வி கேட்டவர்களில் ஒருவர் சீரத்துக்கும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனாலும் பேப்பர் நின்றது. ரஹ்மத் தலைப்பை மாற்றிக்கொண்டது. அரியலூர் ரத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி, வளர்க்கும் சூழ்நிலை மாறினால் செல்கள் ஸ்டீராய்டுக்கு அடங்குவது எப்படி மாறுகிறது என்ற ஆராய்ச்சியாகிவிட்டது. சீரம், காத்திருக்கும் நேரம், ஒரு குழிக்கு எத்தனை செல் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, இரண்டு வருடம் கூடுதலாக உட்கார்ந்து முடித்தது. இப்போது டாக்டர் ரஹ்மத். அரியலூர்க்காரர்களைப் பற்றிய முதல் கேள்வி மட்டும் கேட்ட இடத்திலேயே நிற்கிறது. அதைச் செய்ய அரியலூரிலேயே ஒரு சின்னக் கூடம் வேண்டும், ரத்தம் பஸ் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். யாரு கேட்டா?

என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி நாள் இன்குபேட்டர் கதவிலிருந்த காலண்டர் தாளை நான்தான் கிழித்தேன். பசை வரவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். சார் கடந்து போனார். விளிம்பை விரலால் தடவிவிட்டுத்தான் போனார்.

தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். செல்லிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால், நேற்று ராத்திரி அது எதில் இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். பதில் வந்தால் அதைக் கிராஃபில் போடுங்கள். பஸ் ஏறிப்போய் மனிதர்களிடம் கொடுக்காதீர்கள்.

பன்னீர் அண்ணன் திரும்ப டிப்பர் ஓட்டுகிறார். புதுக் குப்பி பிரிக்கிறபோதெல்லாம் எனக்குப் போன் செய்வார். நான் லேபை விட்டு வந்துவிட்டேன் என்று பல தடவை சொல்லியாயிற்று. அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. போன வாரமும் கூப்பிட்டார்.

"தம்பி, ஏதும் மாறலியே?"

"மாறலண்ணே. டாக்டரம்மா சொன்னதுதான்."

"அப்ப இழுக்குறேன், இருங்க."

போனை வைக்காமலே இழுப்பார். குப்பியை அழுத்தும் சத்தம் கேட்கும். பிறகு பத்து எண்ணும் வரை ஒரு சத்தமும் வராது. நானும் இந்தப் பக்கம் எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு மெதுவாக, நீளமாக மூச்சு வெளியே வரும்.

"அவ்ளோதான?"

"வாயக் கொப்பளிங்கண்ணே." கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். போன மழைக்காலத்தில் படர்ந்து, காரமே தின்ன முடியாமல் கிடந்தார். "ஒவ்வொரு தரமும் சொல்றேன். தண்ணிய எடுத்துக் கொப்பளிச்சித் துப்பணும்."

"டீ குடிக்கப் போறேன். அதுலயே கழுவிக்கிட்டுப் போயிடும்" என்று வைத்துவிட்டார்.